பர்னாந்தும் ரொட்ரிகோவும் பரதவர் வீட்டுக்கு வந்த கதை

கேள்வி: துறைமுக வேலைக்காகக் கோவைப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் உள்ளூர் நண்பர்களின் பெயர்கள் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, கோமஸ், கர்வாலோ என்று இருக்கின்றன. பேசுவதோ அசல் கடற்கரைத் தமிழ். இவர்கள் போர்ச்சுக்கீசியரின் வழிவந்தவர்களா? பிரான்சிஸ் சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படியே இருந்தாலும், போர்ச்சுக்கீசியர் போய் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் பெயரை மட்டும் ஏன் விடவில்லை?
- ஒரு வாசகர், வ.உ.சி. துறைமுகம், தூத்துக்குடி

பதில்: தூத்துக்குடிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே தோன்றுகிற சந்தேகம் இது. பலரும் தாங்களாகவே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு அடங்கிவிடுகிறார்கள். நீங்கள் மூன்று வருஷம் பொறுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரத்த உறவுக் கதையைத் தள்ளிவைத்துவிடுவோம். உங்கள் நண்பர்கள் பரதவர்கள். பரவர், பரதர் என்றும் சொல்வது உண்டு. போர்ச்சுக்கல் என்றொரு நாடு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் இருந்தவர்கள். சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்து மக்கள் என்றால் பரதவர்தாம். மதுரைக்காஞ்சி தென்பரதவரையும் பேசுகிறது, கொற்கை முத்தையும் பேசுகிறது. கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பும் கொற்கையைக் ‘கொல்கோய்’ என்று சொல்லி, அங்கே முத்துக் குளிப்பதைப் பதிகிறது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. கொற்கையின் இடத்தைப் பழையகாயல் பிடித்தது. பழையகாயலும் தூர்ந்த பிறகு தூத்துக்குடி எழுந்தது. துறை இடம் மாறியதே தவிர, குளித்தவர்கள் மாறவில்லை.

போர்ச்சுக்கீசியர் இங்கே பெண் எடுத்ததே இல்லையா என்றால், எடுத்தவர்கள் உண்டு. ஆனால் முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரையில் அவர்கள் ஒரு காலத்திலும் கூட்டமாகக் குடியேறியதில்லை. ஒரு கப்பித்தான், கொஞ்சம் சிப்பாய்கள், சில பாதிரிமார், சில வியாபாரிகள், அவ்வளவுதான். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை ஊர் ஊராகப் பெயர் மாறியதை அந்தச் சிலரின் குடும்பக் கணக்கில் அடக்க முடியாது.

இதற்கு இன்னொரு சாட்சி பெயருக்குள்ளேயே இருக்கிறது. போர்ச்சுக்கீசிய மொழியில் ‘பெர்னாந்தோ’ என்பது குடும்பப் பெயர் அன்று. நம் ஊரில் முருகன், கண்ணன் என்று வைப்பதுபோலப் பிள்ளைக்கு வைக்கிற முதற்பெயர். பெர்னாந்தோவின் மகன் வழி என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘எஸ்’ சேர்த்துப் ‘பெர்னாந்தெஸ்’ என்பார்கள். ரொட்ரிகோவின் வழி ரொட்ரிகெஸ், லோப்போவின் வழி லோப்பெஸ். போர்ச்சுக்கலில் குடும்பப் பெயராகப் பெருவாரியாகக் கிடைப்பது பெர்னாந்தெசும் ரொட்ரிகெசும்தான். நம் கரையில் வீட்டுக்கு வீடு இருப்பதோ பர்னாந்து. அடுத்தபடியாக ரொட்ரிகோவும் ஏராளம். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு ரத்தவழியில் இறங்கிய பெயராக இருந்தால் ‘எஸ்’ ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். இங்கே வந்தது ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு மனிதனுக்கு வைத்த முதற்பெயர். அவன் பிள்ளைகளும் பேரன்களும் அதையே குடும்பப் பெயராக ஏந்திக்கொண்டார்கள். கோமஸ், வாஸ் போன்ற அசல் குடும்பப் பெயர்களும் இங்கே உண்டு. அவை வந்த வழியைக் கீழே சொல்கிறேன்.

இனி இரண்டாவது கருத்து, உங்கள் நண்பர் சொன்னது. சவேரியார்மேல் இந்தக் கரைக்கு இருக்கும் பக்தி ஆழமானது. மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த குகையில் இன்றும் மக்கள் கூடுகிறார்கள். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சவேரியார் கோவாவில் இறங்கியது 1542 மே மாதம். முத்துக்குளித்துறைக்கு வந்தது அதே வருஷத்துக் கடைசியில். பரதவர்களின் பெருந்திரளான ஞானஸ்நானமோ 1535-இல் தொடங்கி 1537-க்குள் முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் என்று அன்றைய கணக்கு. சவேரியார் வந்தபோது கண்டது பெயரால் கிறிஸ்தவர்களாகி ஐந்தாறு வருஷம் ஆன மக்களை. வேதம் சொல்லித்தர ஆளில்லாமல், ஒரு ஜெபம்கூடத் தெரியாமல் இருந்தார்கள். அவர் தமிழ் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசத்தை வேரூன்றச் செய்தவர் அவர்தாம். பெயர் அவருக்கு முன்பே வந்துவிட்டது.

அப்படியானால் சவேரியார் வருவதற்கு முன்பே இருபதாயிரம் பேர் ஏன் மதம் மாறினார்கள்? அதற்குக் கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

முத்துச்சிப்பி கடலில் எல்லா இடத்திலும் கிடக்காது. கடலடியில் பாறை பரந்த திட்டுகளில்தான் ஒட்டி வளரும். இந்தத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்த்து, முற்றியிருந்தால் மட்டும் நாள் குறித்து அறிவித்து, எல்லாத் தோணிகளும் சேர்ந்து போவதற்குச் ‘சலாபம்’ என்று பெயர். வருஷா வருஷம் சலாபம் நடக்காது. சில சமயம் பத்து இருபது வருஷம் பார் வெறுமையாகக் கிடக்கும். நடக்கிற வருஷத்தில் நடுராத்திரிக்கு மேல் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியும்போது பாரின்மேல் நிற்கும்.

குளிப்பவரின் இடுப்பில் ஒரு துணி, கழுத்தில் அல்லது கையில் வலைப்பை. தோணியின் ஓரத்தில் கயிற்றில் ஒரு கல் தொங்கும். பதினைந்து இருபது கிலோ இருக்கும். அதன்மேல் ஒரு காலை ஊன்றி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு சைகை காட்டுவார். கயிறு நழுவும். கல் அவரை நேரே அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே கையால் தடவித் தடவிச் சிப்பியைப் பறித்துப் பையில் போட வேண்டும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் அதற்கும் சற்றுக் கூடுதல், அதற்குள் கயிற்றைச் சுண்டினால் மேலே இழுத்துவிடுவார்கள். மேலே கயிறு பிடிப்பவர் ஒரு நொடி கவனம் தப்பினால் கீழே இருப்பவர் உயிர் இல்லை. அதனால்தான் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே!

சுறா பயமும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாகவும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு போனதாகவும் எழுதியிருக்கிறார். மூச்சடக்கிக் குளிப்பவர் ஒருவர், பங்கு வாங்குபவர் பலர் என்பது அப்போதே இருந்த ஏற்பாடு.

அந்தப் பங்கு யாருக்கு என்பதில்தான் தகராறு முற்றியது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையில் உறுதியான ஒரே அரசு இல்லை. திருவிதாங்கூர், கயத்தாறுப் பாண்டியர் கிளை, விஜயநகரத்தின் நெருக்குதல் எனப் பல கைகள். முத்து வியாபாரமும் குத்தகையும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தன. குளிப்பவர்களுக்குக் கடன் சுமை. போர்ச்சுக்கீசியர் இந்தக் கடலுக்குள் நுழைந்த பிறகு பகை இன்னும் கூர்மையானது. ஒரு சச்சரவில் பரதவர் ஒருவரின் காதணியைக் காதோடு பிய்த்துவிட்டார்கள் என்றும், அது பெரும் கலவரமாக மூண்டது என்றும் பிற்காலச் சேசு சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள். காதறுந்த கதையை மட்டும் வைத்துக்கொண்டு இதை இரண்டு மதங்களின் சண்டையாகச் சொல்வது தவறு என்பது என் கருத்து. சண்டை பாருக்காக, பங்குக்காக. கீழக்கரை முஸ்லிம் குளியாளிகள் அதற்குப் பின்னரும் பல நூற்றாண்டுகள் இதே சலாபங்களில் பரதவர்களோடு சேர்ந்து குளித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு குதிரை வியாபாரி வருகிறார். பெயர் ஜுவாம் த குரூஸ். பெயரைக் கேட்டதும் போர்ச்சுக்கீசியர் என்று நினைப்பீர்கள். அவர் மலையாளி. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் ஆளாக லிஸ்பன் போனவர். அங்கே ஞானஸ்நானம் பெற்றதால் கிடைத்தது அந்தப் பெயர். ‘குரூஸ்’ என்றால் சிலுவை. இந்தக் கரையின் கதையில் வரும் முதல் குரூஸே ஒரு மலையாளத்தான் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் புதிதாக இருக்கும்.

அவர் குமரி முனைப் பக்கம் குதிரை விற்க வந்திருந்தார். நொந்துபோயிருந்த பரதவர் தலைவர்களிடம், கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள், அவர்கள் மதத்தில் சேர்ந்தால் கை கொடுப்பார்கள் என்று வழி சொன்னார். பட்டங்கட்டிகள், அதாவது ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் தலைவராக இருப்பவர்கள், கூடிப் பேசிக் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். முதலில் பதினைந்து பேர், பின்னால் எழுபது பேர், ஆக 85 பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று பதிவு. பிறகு பாதிரிமார் கப்பல் ஏறி வந்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 1538-இல் இராமநாதபுரம் பக்கத்து வேதாளையில் நடந்த சண்டையில், பரதவரின் எதிர்த்தரப்புக்குத் துணைநின்ற சாமூதிரியின் கடற்படையை மார்த்தீம் அபோன்சோ த சோசா என்ற போர்ச்சுக்கீசியத் தளபதி முறியடித்தார். பாதுகாப்பு தருவதாகச் சொன்ன வாக்கு அன்று நிறைவேறியது. அதே சோசா கவர்னராகத் திரும்பி வந்தபோது அவர் கப்பலில் கூட வந்தவர்தான் சவேரியார்.

கவனித்தீர்களா? இங்கே பாதிரியார் தேடி வந்து மதம் மாற்றவில்லை. ஒரு சமுதாயம் தன் தலைவர்களைக் கூட்டிப் பேசி, முடிவெடுத்து, ஆள் அனுப்பி, மொத்தமாகச் சேர்ந்தது. இதன் அருமை தெரிய வேறொரு இடத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்கு டெக்ஸாஸில் கேடோ என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். டெக்ஸாஸ் என்ற பெயரே ‘நண்பன்’ என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். ஸ்பானியத் துறவிகள் 1690-இல் அவர்களிடம் போனார்கள். கூடவே கொள்ளைநோயும் போனது. தலையில் ஊற்றுகிற அந்தத் தண்ணீர்தான் சாவைக் கொண்டுவருகிறது என்று கேடோ மக்கள் நம்பினார்கள். 1693-இல் துறவிகள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். கேடோ மக்கள் எந்தத் தண்ணீரைச் சாவாகக் கண்டார்களோ, அதைப் பரதவர்கள் பிழைக்கும் வழியாகக் கண்டார்கள்.

இப்போது பெயருக்கு வருவோம். கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானத்தின்போது ஒரு ‘ஞானத்தந்தை’ வேண்டும். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்று நிற்பவர் அவர். கரையில் ஏற்கெனவே கிறிஸ்தவர் யாரும் இல்லாத நிலையில் அந்த இடத்தில் நின்றவர்கள் போர்ச்சுக்கீசியக் கப்பித்தான்களும் மாலுமிகளும் வியாபாரிகளும்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் அவர்களுடைய குடும்பப் பெயரை ஏற்றார்கள். கோமசும் வாசும் மச்சாதுவும் கர்வாலோவும் பெரைராவும் அப்படி வந்தவை. கூட்டம் பெரிதாக இருந்தபோது பாதிரியார் ஒரு வரிசைக்கு ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டே போயிருப்பார். சவேரியார் 1545-இல் எழுதிய கடிதம் ஒன்றில், பக்கத்துத் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும், ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்ததையும் சொல்கிறார். ஒரு துண்டு ஓலையில் அல்லது கடுதாசியில் எழுதிய பெயரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் மீனவரை எண்ணிப் பாருங்கள். பர்னாந்து இத்தனை பெருகியதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

பெயர்களின் பொருளும் கேட்க நன்றாக இருக்கும். மச்சாது என்றால் கோடாலி. கர்வாலோ, கருவாலி மரம். பெரைரா, பேரிக்காய் மரம். லோபோ, ஓநாய். கோஸ்தா என்றால் கடற்கரை. அது ஒன்றாவது வந்த இடத்துக்குப் பொருத்தமாக வாய்த்தது.

பாதுகாப்பு சும்மா கிடைக்கவில்லை, வரி கட்ட வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதி, 4000 பொற்பணம், போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. முத்துக்குளிப்பவரின் மூச்சு லிஸ்பனில் செருப்பாக மாறியது என்று எண்ணும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. சவேரியாருக்கும் அது பொறுக்கவில்லை. இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களைச் சொர்க்கத்துக்கு ஏற்றிச்செல்லக் கிடைக்காது என்ற கருத்தில் அரசிக்கே எழுதி, அந்தப் பணத்தை ஊர் ஊராக ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளமாக மாற்றிக்கொண்டார். அந்த உபதேசியார்களுக்குக் கரையில் வழங்கிய பெயர் ‘கணக்கப்பிள்ளை’.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர், கத்தோலிக்கத்துக்குப் பகை. கோயிலைத் தங்கள் கைக்குள் எடுத்துக்கொண்டார்கள், பாதிரிமாரைத் தடுத்தார்கள், பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள். பாதுகாப்புக்காக மட்டும் சேர்ந்தவர்கள் என்றால், புதிய பலசாலி வந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? சாயவில்லை. சலாபத்துக்குப் பரதவரின் மூச்சு தேவைப்பட்டதால் டச்சுக்காரர்கள்தாம் கடைசியில் இறங்கிவந்தார்கள்.

ஏன் சாயவில்லை என்றால், இந்த நூற்றிருபது வருஷத்தில் அந்த வேதம் அவர்களுடைய சொந்தச் சொத்தாகிவிட்டது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியத் துறவி இந்தக் கரையிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்து 1600-இல் இறந்தார். தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் முதல் புத்தகம் அதுதான். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசும்போது இதை நாம் சேர்த்துச் சொல்வதே இல்லை. எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை இது.

இரண்டாவது காரணம், புதுப்பெயருக்கு அடியில் பழைய கட்டுக்கோப்பு அப்படியே இருந்தது. ஏழு கடல்துறைகள் என்று சொல்லும் வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஊர்களுக்கும் பட்டங்கட்டிகள் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் மேலே ‘சாதித் தலைவர்’; பாண்டியபதி என்பது அவருக்கு வழங்கிய பட்டம். புத்தளம் பக்கத்தைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1837-இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் பரதவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர்களுக்குள் பதின்மூன்று பிரிவுகளைக் கணக்கிடுகிறார். முத்துக்குளிப்பவர், சங்கு குளிப்பவர், துணி வியாபாரம் செய்பவர், ஆமை பிடிப்பவர், நண்டு பிடிப்பவர் என்று போகிறது அந்தப் பட்டியல். ஞானஸ்நானம் ஆகி முந்நூறு வருஷம் கழித்தும் உள்கட்டு குலையவில்லை. வில்லவராயர், பூபாலராயர், கலிங்கராயர் என்ற பழைய பட்டப்பெயர்களும் மறையவில்லை. இன்றும் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் வில்லவராயர் வீடு, மறுபக்கம் பர்னாந்து வீடு என்று அச்சாவதைப் பார்க்கலாம்.

இந்த இரண்டும் எப்படிக் கலந்து நிற்கின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பனிமய மாதா கோயிலுக்குப் போங்கள். மாதா சொரூபம் 1555-இல் கடல்வழியாக வந்தது என்பது கோயில் மரபு. அவளுக்குத் தேர் உண்டு. 1806-இல் அன்றைய சாதித் தலைவர் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ் முதல் தங்கத்தேரை ஓட்டினார். அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முழுக்க முழுக்கப் போர்ச்சுக்கல். அவர் செய்ததோ வடம் பிடித்து வீதியில் இழுக்கும் தேர், முழுக்க முழுக்கத் தமிழ்நாடு.

பெயரைக் கையாண்ட விதத்திலும் அதே கதைதான். சந்தியாகு, தொம்மை, இஞ்ஞாசி என்று புனிதர்களின் போர்ச்சுக்கீசியப் பெயர்களைத் தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவின் பெயரை உங்கள் ஊரில் தினமும் கேட்டிருப்பீர்கள். இரண்டு சொல்லும் வெளிநாடு, மனிதர் தூத்துக்குடி. நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் ‘ஜே.பி.’ என்ன தெரியுமா? ஜோசப் பனிமயதாஸ். தகப்பனார் பெயர் ரொட்ரிகஸ். எழுத்தாளர் ஜோ டி குரூஸ் இந்தக் கரையின் கதையைக் ‘கொற்கை’ என்ற நாவலாக எழுதி 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

வேறு இடங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலங்கையில் சிங்களக் குடும்பங்கள் பல, பௌத்தத்தில் இருந்துகொண்டே பெர்னாண்டோ, பெரேரா, டி சில்வா என்ற பெயர்களை வைத்திருக்கின்றன. அங்கே மதத்துக்கும் பெயருக்கும் இருந்த கயிறே அறுந்துவிட்டது. பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய கவர்னர் கிளவெரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சிட்டு, இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவே போட்டார். நம் கரையில் பெயரைத் திணிக்க உத்தரவு எதுவும் இல்லை. சபை மாறச் சொல்லி வந்த நெருக்கடிதான் உண்டு. அதற்கு அவர்கள் இணங்கவில்லை.

உங்கள் நண்பர்களுக்கு அந்தப் பெயர் வெளிநாட்டாரின் அடையாளமாகத் தோன்றுவதே இல்லை. கடலைக் காத்துக்கொள்ள முன்னோர் கூடிச் செய்த முடிவு அதில் இருக்கிறது. அந்த முடிவுக்காக டச்சுக்காரர் காலத்தில் தாங்கிய கஷ்டமும் இருக்கிறது. அதனால் விடவில்லை. இது என் தீர்ப்பு. வரலாற்று ஆசிரியர்கள் எடைகளைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம்.

முத்து இன்று இல்லை. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு பாரில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதே கரையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அதற்குக் கல்லும் வேண்டாம், கயிறும் வேண்டாம், மூச்சடக்கவும் வேண்டாம். அடுத்த வருஷமே, 1974-இல், நீங்கள் வேலை பார்க்கும் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு வேலையில் உங்கள் நண்பரைப் பார்க்கும்போது, உங்கள் முன்னோர் போர்ச்சுக்கல்லா என்று கேட்காதீர்கள். உங்களுக்கு எந்தத் துறை, வேம்பாரா, புன்னைக்காயலா, மணப்பாடா என்று கேளுங்கள். முடிந்தால் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு அவரோடு கூடப் போய்வாருங்கள்.